அறிவிப்பாளர் யார்? தொலைக்காட்சி வரலாறும் புள்ளலூர்ப் போரும்

அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில், 1782 ஏப்ரல் 8 அன்று, டெலவேர் விரிகுடாவில் பென்சில்வேனிய மாநிலத்தின் சிறிய போர்க்கப்பல் ஒன்று தன்னைவிட வலிமை மிக்க ‘ஜெனரல் மங்க்’ என்னும் ஆங்கிலேயக் கப்பலைக் கைப்பற்றியது. வென்ற கப்பலுக்கு அமெரிக்கர்கள் சூட்டியிருந்த பெயர் ‘ஹைதர் அலி’. மைசூரின் ஆட்சியாளர் பெயர் ஒன்று அட்லாண்டிக் கடலைத் தாண்டி அங்கே சென்று சேர்ந்திருந்தது. அதற்குப் பத்தொன்பது மாதங்களுக்கு முன், அந்தப் பெயருக்குரியவரின் படை ஆங்கிலக் கம்பெனிக்கு இந்தியாவில் மறக்க முடியாத தோல்வியைத் தந்த களம் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் என்பதை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்?

1780 செப்டம்பர் 10 அன்று நடந்த அப்போரின் சுருக்கம் இது. குண்டூரிலிருந்து சென்னை நோக்கி வந்த கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு இணைய வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம். 1764இல் பக்ஸாரில் வென்ற அதே மன்றோ, பெரிய கோயிலில் சேர்த்து வைத்திருந்த உணவுப் பொருள்களைக் கைவிட அஞ்சிக் காஞ்சியிலேயே நின்றார். உதவிக்கு அனுப்பிய சிறு படையையும் சேர்த்து ஏறத்தாழ 3,800 பேருடன் இருந்த பெய்லியை, ஹைதரும் திப்புவும் புள்ளலூரில் வளைத்தனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் இறந்தார். மன்றோவோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் எறிந்துவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இத்தகைய ஓர் ஊரைத் தொலைக்காட்சி எவ்வாறு காட்டி வருகிறது? கோபுரம், பட்டுத்தறி, இட்லி என்ற மூன்று காட்சிகளுக்குள் காஞ்சி அடங்கிவிடுகிறது. 2019இல் அத்திவரதர் தரிசனத்துக்காக 48 நாள்கள் தொலைக்காட்சி வண்டிகள் நகரில் நின்றன. கோடிக்கணக்கானோரின் பக்தியைக் காட்டியதில் குறை காண நமக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. நம் கேள்வி வேறு. ஒரு நகரத்தில் அத்தனை நாள்கள் நிற்க வசதி பெற்ற ஊடகம், அந்நகரத்தின் பொதுவாழ்வையும் கடந்தகாலத்தையும் பொறுமையாகச் சொல்லும் முறையை ஏன் வளர்த்துக்கொள்ளவில்லை?

தொலைக்காட்சி வரலாறு பொய் சொல்கிறது என்பதே வழக்கமான குற்றச்சாட்டு. நாம் அதைவிட அடிப்படையான குறையைச் சுட்ட விரும்புகிறோம். அது தனக்குச் சொன்னவர் யார் என்பதை மறைக்கிறது. இஸ்லாமிய அறிவு மரபில் வளர்ந்தவர்க்கு இக்குறை உடனே புலப்பட வேண்டும். செய்திக்கு முன் அறிவிப்பாளர் தொடரை நிறுத்தியது நம் மரபு. இஸ்னாத் இல்லாத செய்தி அங்கே எடைபோடப்படுவதற்கே தகுதி பெறவில்லை. 923இல் மறைந்த இமாம் தபரீ, ஒரே நிகழ்ச்சிக்கு ஒன்றுக்கொன்று முரண்படும் அறிவிப்புகளையும் அடுத்தடுத்து வைத்தார். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் மேலும் ஒரு படி சென்று, அறிவிப்பாளர் தொடர் மட்டும் போதாது, செய்தி நடைமுறையில் இயலக்கூடியதா என்றும் பார்க்கவேண்டும் என்றார். மூசா நபியின் படை ஆறு லட்சம் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரை ஓர் அணியில் நிறுத்த நிலம் போதுமா என்று அவர் கேட்டது வரலாற்றுத் திறனாய்வின் முதற்பாடங்களுள் ஒன்று. இவ்விரு அளவுகோல்களையும் கொண்டே தொலைக்காட்சியை அளக்க முனைகிறோம்.

அமெரிக்காவில் இதற்கு நெருக்கமான ஒரு முயற்சி உண்டு. கேபிள் நிறுவனங்கள் தரும் கட்டணத்தில், விளம்பரமின்றி, 1979 மார்ச் 19 முதல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் அவையை அப்படியே ஒளிபரப்பி வருகிறது சி-ஸ்பான். அவ்வமைப்பு 2011இல் அமெரிக்க வரலாற்றுக்கெனத் தனி நிகழ்ச்சி வரிசை ஒன்றைத் தொடங்கியது. அதில் நடிகர் இல்லை, பின்னணி இசை அரிது. பல்கலைக்கழக வகுப்பொன்றை முதலிலிருந்து முடிவுவரை காட்டுவார்கள். நூலாசிரியர் பேசுவார், அவையோர் கேள்வி கேட்பார்கள். அதே காலத்தில் அந்நிறுவன வண்டிகள் சிறு நகரங்களுக்குச் சென்று, அவ்வூர் அருங்காட்சியகங்களையும் எழுத்தாளர்களையும் பதிவு செய்தன. காண்போர்க்குச் சலிப்பூட்டும் என்று நம் தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். ஆனால் அச்சலிப்புக்குள் ஒரு நேர்மை இருக்கிறது. பேசுபவர் யார், எதை வைத்துப் பேசுகிறார் என்பது திரையிலேயே தெரிகிறது.

அதை வழிபட வேண்டியதில்லை. அவையின் காமிராக்கள் சி-ஸ்பானுக்குச் சொந்தமானவை அல்ல. அவை அவையின் நிர்வாகத்திடம் இருப்பவை. 1984இல் அவைத்தலைவர் டிப் ஓ'நீல் கட்டளையிட்ட பிறகே, வெற்று இருக்கைகளை நோக்கி உறுப்பினர்கள் முழங்கிக்கொண்டிருந்தது மக்களுக்குத் தெரிந்தது. அதுவரை பேச்சாளரின் முகம் மட்டுமே காட்டப்பட்டது. வெட்டாமல் காட்டுவதும் ஒரு தேர்வுதான். காமிராவைத் திருப்புபவர் யார் என்ற கேள்வி அங்கும் எஞ்சி நிற்கிறது.

நம் நாட்டில் மக்களவைத் தொலைக்காட்சி 2006இலும், மாநிலங்களவைத் தொலைக்காட்சி 2011இலும் தொடங்கின. இரண்டையும் இணைத்து 2021 செப்டம்பரில் சன்சத் தொலைக்காட்சி வந்தது. தமிழகச் சட்டமன்றத்தின் கேள்வி நேரமோ 2022 ஜனவரியில்தான் நேரலைக்கு வந்தது. காஞ்சி மண்ணின் மைந்தரான அண்ணா 1962இல் மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரையைத் திரையில் காண வழியில்லை. அவைக் குறிப்புகளின் அச்சுதான் அதைக் காத்துத் தந்தது.

அந்த அச்சுக் குறிப்புகளைக் கொண்டே நல்ல தொலைக்காட்சி செய்ய முடியும் என்பதற்குச் சான்று, 2014இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காக ஷியாம் பெனகல் இயக்கிய ‘சம்விதான்’. அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் பதிவையே அடித்தளமாகக் கொண்டு நாடகமாக்கியது அதன் சிறப்பு. எனினும் ஏறக்குறைய மூன்றாண்டு நடந்த விவாதங்களைப் பத்துப் பகுதிகளில் அடக்கியபோது, பெருந்தலைவர்களின் மோதலே முன்னுக்கு வருவது தவிர்க்க இயலாததாயிற்று. 1947 ஆகஸ்ட் 27 அன்று தனித்தொகுதி கோரி போக்கர் சாகிப் வைத்த வாதத்தையும், 1948 நவம்பர் 23 அன்று தனியார் சட்டத்தைக் காக்கக் காயிதே மில்லத் கொண்டுவந்த திருத்தத்தையும் முழுமையாக அறிய விரும்புவோர் இன்றும் அச்சுப் பதிப்பையே நாட வேண்டும். அவர்களோடு உடன்படுவதும் மாறுபடுவதும் பின்னர். முதலில் அவர்கள் சொன்னதை முழுதாகக் கேட்க வேண்டாமா?

இங்கே நம் சமூகத்தின் சுவையையும் சோதிக்க வேண்டியுள்ளது. 1988இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய பெனகலின் 53 பகுதித் தொடர் ‘பாரத் ஏக் கோஜ்’. நேருவாக ரோஷன் சேத் தோன்றி, இது ஒருவர் சிறையிலிருந்து கண்ட இந்தியா என்பதைத் தொடர்ந்து நினைவூட்டினார். அதுவே அத்தொடரின் இஸ்னாத் எனலாம். அதில் திப்புவாக நடித்தவர் சென்னையில் பிறந்த சலீம் கௌஸ். தமிழ்த் திரையில் வில்லனாகவே நாம் நினைவில் வைத்திருப்பவர். ஆனால் நம் இல்லங்களில் கொண்டாடப்பட்டதோ, 1990இல் வந்த சஞ்சய் கானின் ‘திப்பு சுல்தானின் வாள்’. பகவான் கித்வானியின் புதினத்தை அடியொற்றிய அத்தொடர், கற்பனை என்ற அறிவிப்போடு ஒளிபரப்பாக வேண்டியிருந்தது. அறிவிப்பு அநீதி என்று நம்மில் பலர் மனம் கசந்தனர். ஆயினும் சான்றைக் காட்டாமல் புகழ்ந்த தொடர், சான்றைக் காட்டாமல் இகழ்ந்தோர்க்கு எதிராக நமக்கு எந்த ஆயுதத்தையும் தரவில்லை. கர்நாடக அரசு 2015இல் தொடங்கிய திப்பு விழாவை 2019இல் பின்னர் வந்த அரசு நிறுத்தியபோது, தொலைக்காட்சிகளில் எழுந்த வாக்குவாதத்தில் ஒரு பக்கம் புகழ், மறுபக்கம் பழி. ஆவணம் எப்பக்கமும் இல்லை.

புள்ளலூரையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். அங்கே வயல்களுக்கிடையே நிற்கும் இரு நினைவுத் தூண்கள், பெய்லியின் தோல்விக்கு எழுப்பப்பட்டவை அல்ல. 1781 ஆகஸ்ட் 27 அன்று அயர் கூட்டுக்கும் ஹைதருக்கும் அதே களத்தில் நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்கு உரியவை. அத்தூண்களைக் காட்டி 1780இன் கதையைப் பின்குரலில் சொல்லும் நிகழ்ச்சி, ஒரு சொல்லும் பொய்யின்றியே மக்களை ஏமாற்றிவிடும். இன்னும் ஆயிரமாண்டு பின்னோக்கினால், பல்லவன் மகேந்திரன் தன் பகைவரை வென்ற இடமாகக் காசாக்குடிச் செப்பேடு குறிப்பதும் இதே புள்ளலூரைத்தான்.

சான்றுகளோ பலவகை. ஆங்கிலத் தரப்பில் அப்படையெடுப்புகளில் பணியாற்றிய இன்ஸ் மன்றோவின் 1789ஆம் ஆண்டு நூல் உண்டு. மைசூர்த் தரப்பில் கிர்மானியின் பாரசீக வரலாறு உண்டு. 1784இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வரைந்த பெரும் ஓவியம் உண்டு. முதலாமவர் தோற்றவர் தரப்பு, இரண்டாமவர் அரண்மனை ஊழியர், மூன்றாவது வென்றவரின் பெருமிதம், அதுவும் பின்னாளில் புதுப்பிக்கப்பட்டது. வண்டிகள் வெடித்தது பீரங்கியாலா, மைசூரின் ஏவுகணையாலா என்பதில் விவரிப்புகள் ஒன்றுபடவில்லை. ஹைதரின் படை 80,000 என்பாரும் உண்டு, 1,00,000 என்பாரும் உண்டு. இப்னு கல்தூனின் கேள்வி இங்கே பொருந்துகிறது. அத்தனை குதிரைக்கும் கர்நாடகத்து வயல்களில் புல் எங்கே, நீர் எங்கே?

அப்துல் கலாம் 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில், திப்புவின் படை ஏவுகணை விடும் ஓவியத்தைக் கண்டு வியந்ததைத் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். அந்நினைவு நமக்குப் பெருமை தருவது. ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. ஹைதரின் படையெடுப்பு கர்நாடகத்துச் சிற்றூர்களைச் சூறையாடியது. அடுத்த ஆண்டுகளில் சென்னையைச் சுற்றிப் பஞ்சம் வந்தது. நெசவாளர் ஊர்கள் சிதறின. 1785இல் ஆங்கில நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இவ்வழிவை உருக்கமாகப் பேசினார். அவர் நோக்கம் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தோரைத் தாக்குவது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். பெய்லியின் படையில் வீழ்ந்தோரில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் அல்லர், இந்நாட்டுச் சிப்பாய்களே. தறியை விட்டு ஓடிய நெசவாளிக்கு எந்தக் கொடி வென்றது என்பதைவிடப் பாவு அறுந்ததே பெரிது. இதைச் சொல்லத் தயங்கும் வரலாறு, அதைச் சொல்பவர் நம்மவராயினும், நம் மரபின் அளவுகோலில் தேறாது.

நாம் வேண்டுவது பெருஞ்செலவுக் காவியம் அன்று. ஒரு மணி நேரம், இரண்டு காமிரா, இசை வேண்டாம். ஆங்கிலக் குறிப்பையும் பாரசீக நூலின் பகுதியையும் மேசைமீது வைத்து வாசிக்க இருவர். தூண்களின் எழுத்தைப் படித்து, இது எந்த ஆண்டுக்குரியது என்று விளக்க ஒருவர். ஊர்ப்பெரியவர் ஒருவர், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர். ஒவ்வொருவரும் தாம் அறிந்தது எவ்வழியே என்று சொல்லிய பின்னரே செய்தியைச் சொல்ல வேண்டும். இறுதியில் கல்லூரி மாணவர்கள் கேட்கும் கேள்விகளை வெட்டாமல் காட்ட வேண்டும். இதைத் தமிழ்த் தூர்தர்ஷன் செய்யலாம். அது செய்யும்வரை, ஆண்டுதோறும் மீலாது மேடைகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் செலவிடும் நம் சங்கங்களும் கல்லூரிகளும் அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். முதற்பதிவுக்கு நாளும் கையில் இருக்கிறது. அது செப்டம்பர் 10.