ஒரு சொல்லும் ஒரு கன்னமும்

துடியலூர் சலூனில் சவரம் முடிந்து எழுந்தால் என் கன்னம் தீயாய் எரியும். கத்தியைத்தான் குறை சொல்லி வந்தேன்.

"கத்தி மேல குத்தமில்லீங்க, சோப்பு வாசனை உங்களுக்கு ஆகறதில்லீங்க" என்றார் சலூன்காரர். மறுமுறை வாசனையில்லாத சோப்பைக் குழைத்தார், எரிச்சல் இல்லை.

பழைய சோப்பின் உறையை வாங்கிப் படித்தேன். ‘பெர்ஃப்யூம்’ என்று ஒரே சொல். அதற்குள் லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்று எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்களோ! ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய 26 பொருள்கள் குறித்த அளவைத் தாண்டினால் பெயர் அச்சிட வேண்டுமென 2003-இல் விதித்தது. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டியது.

கதையில் கொலையாளியைக் கடைசிவரை மறைக்கலாம். கன்னத்தில் பூசுவதில் அந்த உத்தி எதற்கு?