நான்கு ஸ்லாட், இரண்டு ரேம்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போவது வழக்கம். அங்கே மதர்போர்டுப் பெட்டியைத் திறந்தால் என் கண் முதலில் போவது ரேம் ஸ்லாட்டுகள் மேல்தான்.

நான்கு இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பத் தோன்றும். டிடிஆர்5-இல் அது வேகத்தைக் குறைத்துவிடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் கணக்கே சாட்சி: இரண்டு ரேமுக்கு 5200, அதாவது நொடிக்கு 520 கோடி பரிமாற்றம், நான்கு போட்டால் 3600. ஆகவே 64 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 32 வாங்குங்கள். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகுங்கள். பெரும்பாலான போர்டுகளில் செம்புத் தடங்கள் முடிவது அங்கேதான். வெற்று முனை தொங்காததால் சிக்னல் எதிரொலிக்காது. நீளம் பொருந்துவதற்காக அந்தத் தடங்களை வளைத்து வளைத்து இழுத்திருக்கும் நேர்த்தி இருக்கிறதே, மார்கழிக் கோலம்தான்!

ரேம் கேட்ட தரவைத் தர எத்தனை சுழற்சி காத்திருக்க வைக்கும் என்று சொல்லும் சிஎல் எண்ணையும் பாருங்கள். 6000 வேகத்தில் சிஎல் 30 என்றால் காத்திருப்பு 10 நானோ நொடி. பழைய டிடிஆர்4-இல் 3200, சிஎல் 16-க்கும் அதே 10தான். காத்திருப்பு குறையவில்லை, அள்ளி வரும் அளவுதான் பெருகியிருக்கிறது.

முதன்முறை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்து அணைத்துவிடாதீர்கள்; போர்டு ரேமைப் பழகிக்கொண்டிருக்கிறது. பிறகு பயாஸில், ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு உயர்த்தும் எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்த ரேம் பெரும்பாலும் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.