எடுக்கிற இடம்

தூத்துக்குடியில் ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊருக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. அந்த நாள்களில் எங்காவது ஒரு தெருவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். நடந்தால் அதில் சந்திரபாபு வந்தே தீருவார். இறுக்கமான கால்சட்டை, சரித்து வைத்த தொப்பி, காலை இழுத்துக்கொண்டு ஒரு தள்ளாட்டம். வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் சிரித்துவிடும். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கச்சேரி முடிந்து, விடியப்போகிற நேரத்தில் டீக்கடையில் நின்றபோது, டிரம்ஸ் வாசித்த இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் கட்டை இன்னும் இருந்தது. "எல்லாரும் அவரு ஆட்டத்தத்தான் செய்யுதாவ அண்ணாச்சி. அவரு எடுக்குற எடத்த ஒருத்தரும் செய்யமாட்டேங்காவ. நான் எங்க போயி அடிக்க?" என்றார்.

இந்த ஊரில் பிறந்த ஜே.பி. சந்திரபாபுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த டிரம்ஸ்காரரின் கேள்வி மட்டும் அதில் அநேகமாக இல்லை. இருப்பது என்ன, இல்லாதது ஏன் என்று பார்ப்பதுதான் இங்கே உத்தேசம்.

பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஜோசப் பனிமயதாஸ். 1927இல், மாதா திருவிழாவின் ஆகஸ்ட் மாதத்தில் பிறந்தவர். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர். அதன் விளைவாகவே குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. பையன் அங்கேதான் படித்து வளர்ந்தான். 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. சந்திரகுலம் என்று பரதவர் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சந்திரனும் வீட்டில் கூப்பிட்ட பாபுவும் சேர்ந்து திரைப்பெயர் ஆயின. 1974 மார்ச்சில் இறந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி வாழ்க்கைக் கதை. முகில் எழுதிய 'கண்ணீரும் புன்னகையும்' அந்த வகையில் உழைப்போடு செய்த புத்தகம். தலைப்பே அதன் சுருதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ராண்டார் கை போன்றவர்கள் பழைய சென்னையின் நினைவுகளோடு சேர்த்து எழுதினார்கள். பத்திரிகைகளின் நினைவஞ்சலிகளோ மூன்று கதைகளைச் சுற்றியே வரும். வாய்ப்புக் கிடைக்காமல் ஜெமினி ஸ்டுடியோவில் தற்கொலைக்கு முயன்றது. ராஷ்டிரபதி பவனில் பாடிவிட்டு டாக்டர் ராதாகிருஷ்ணனின் மடியில் போய் உட்கார்ந்ததாகச் சொல்லப்படுவது. எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கி நின்றுபோன 'மாடி வீட்டு ஏழை'. மடியில் உட்கார்ந்த கதையை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று அவர் எப்படிப் பாடினார் என்று ஒருவரும் சொன்னதில்லை. கதை பாட்டை விழுங்கிவிட்டது.

கேலி செய்தவர்களை எளிதில் அடையாளம் காணலாம்: தமிழை இங்கிலீஷ் மாதிரிப் பேசுகிறார், பெரிய நடிகர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், தலைக்கனம், குடி. இவற்றுக்குப் பதிலாகப் பின்னால் வந்தவர்கள் இரக்கத்தைக் கொண்டுவந்தார்கள். முறிந்த கல்யாணம், கைவிட்டுப்போன வீடு, தனிமை. கேலியைவிட இரக்கம் நாகரிகமானதுதான். ஆனால் ஒரு பாடகனின் விஷயத்தில் இரண்டும் செய்கிற காரியம் ஒன்றே. பாட்டைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்ல வழிசெய்கின்றன.

அவரே இதற்கு உதவியாக இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஏவி.எம்.மின் 'சகோதரி' (1959) படத்தில் பால்காரராக வந்து, தன்னைத்தானே முட்டாள் என்று அறிவித்துக்கொள்ளும் பாட்டைப் பாடினார். ஊர் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. அந்தப் பாட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியையும் எப்படித் தளரவிட்டு, அடுத்த வரிக்கு எப்படிச் சரியாக வந்து சேருகிறார் என்று கவனித்தால், முட்டாள் யார் என்பதில் சந்தேகம் வரும்.

கர்நாடக சங்கீதத்தில் இப்படி எடுக்கிற இடத்துக்குப் பெயர் இருக்கிறது, எடுப்பு. தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டு தொடங்கினால் சம எடுப்பு. தாளத்துக்கு முன்னால் தொடங்கினால் அதீதம், பின்னால் தொடங்கினால் அனாகதம். சந்திரபாபு இந்தப் பெயர்களை மனத்தில் வைத்துப் பாடினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர் எடுப்பில் இந்த விளையாட்டு நிறைய. 'புதையல்' (1957) படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த பாட்டு வெறும் குதூகலப் பாட்டு என்றே பேர் வாங்கியிருக்கிறது. ஒரு தடவை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கை விழுகிற இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் சொல் வந்து விழும். சோம்பல் மாதிரித் தெரியும். சோம்பல் என்றால் ஒவ்வொரு தடவையும் அதே அளவு பிந்தாது. 'ஆண்டவன் கட்டளை' (1964) பாட்டிலோ சிரிப்பையே தாளத்தில் வைக்கிறார். சிரிப்பு தானாக வெடித்த மாதிரியும் இருக்கவேண்டும், அக்ஷரத்திலும் விழவேண்டும். கஞ்சிராக்காரர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்.

இன்னொன்று, தொண்டையை உடைத்து உடைத்துப் பாடும் யோடலிங். நெஞ்சிலிருந்து வரும் குரலும் மேல் குரலும் ஒரு நொடிக்குள் மாறி மாறி வரும். நம் சங்கீதக்காரர்கள் அந்த மேல் குரலைக் கள்ளக் குரல் என்பார்கள். பேரிலேயே தண்டனை இருக்கிறது. அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் தன் புகழ்பெற்ற முதல் யோடல் பாட்டைப் பதிவுசெய்ததும் 1927இல்தான். (ரோட்ஜர்ஸ், ரோட்ரிக்ஸ் என்று ஓசைப் பொருத்தம் வேறு, டி. ராஜேந்தர் விட்டிருக்கமாட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.) தமிழில் அதைப் பாட்டுக்குள் பொருத்தி, கேட்பவர் திரும்பப் பாடிப் பார்க்கும்படி செய்தவர் சந்திரபாபு. அது இசைத்தட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தது என்பார்கள். இருக்கட்டும். காற்றடிக்கிற கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்தைக் கூப்பிடுகிறவனும் குரலை மேலே தூக்கி உடைத்துத்தான் கூப்பிடுவான். இது என் ஊகம், சாட்சி கிடையாது.

கொழும்பு என்றதும் ஒரு பழைய புதிர் நினைவுக்கு வருகிறது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் வரும்வரை அந்த உறவு நீடித்தது. பெர்னாண்டோ, ரோட்ரிக்ஸ் என்று குடும்பப் பெயர்கள் தங்கின. ஆனால் போர்த்துக்கீசியரின் ஆட்டத் தாளம் இந்தக் கரையில் தங்கவில்லை. எதிர்க்கரையில் தங்கி பைலா ஆயிற்று. பெயர் இங்கே, தாளம் அங்கே. இரண்டுக்கும் நடுவில் தோணியும் கப்பலும் போய்வந்துகொண்டிருந்தன. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டது இதே வழித்தடத்தில்தான். பிள்ளைப் பருவத்தை அந்தப் பக்கத்தில் கழித்த ஒரு பரதவப் பையன் திரும்பி வந்து, தமிழ்ப் பாட்டில் இடுப்பை அசைத்தபோது 'வெள்ளைக்கார ஆட்டம்' என்று நாம் கேலி செய்தோம். அது பாதி நம் ஊர்ச் சரக்காகவே இருந்திருக்கலாம்.

அடுத்த தலைமுறையில் அதே வழியில் வந்தவர் ஏ.இ. மனோகரன், நமக்கு சிலோன் மனோகர். இலங்கையில் அவர் பொப் இசைச் சக்கரவர்த்தி. இங்கே சுற்றுலா பஸ் பாட்டுக்காரர், சினிமாவில் அடிவாங்கும் வில்லன். 'சுராங்கனி' பாடாத கல்லூரிப் பயணம் எழுபதுகளில் இருந்திருக்காது. 2018இல் சென்னையில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் எல்லோரும் அந்தப் பாட்டைச் சொன்னார்கள். அதில் ஆறு அக்ஷரங்களை மூன்றாகவும் இரண்டாகவும் எண்ணவிடும் பைலாவின் ஊசலாட்டத்தைத் தமிழ்ச் சொற்களுக்கு எப்படிப் பொருத்தினார் என்று எழுதியவர்களை நான் பார்க்கவில்லை.

ஆய்வுலகத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. அமண்டா வைட்மன் 2021இல் தென்னிந்தியப் பின்னணிப் பாடல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குரல் ஒருவருடையது, உடம்பு வேறொருவருடையது என்ற ஏற்பாடு யாருக்கு மரியாதை தந்தது, யாரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பது அதன் விசாரணை. எல்.ஆர். ஈஸ்வரி போன்ற குரல்கள் ஏன் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டன என்பதை அங்கிருந்து பார்க்கும்போது தெளிவாகிறது. சந்திரபாபுவுக்கு அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. பின்னணிப் பாடகர்கள் ஆண்ட காலத்தில் அவர் தன் குரலுக்குத் தானே உடம்பு. அதனால் உடம்பின் மேல் விழுந்த சிரிப்பெல்லாம் குரலின் மேலும் விழுந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு படம் இருக்கிறது. 1954இல் வந்த ஏவி.எம்.மின் 'பெண்'. அதில் கல்யாண ஆசையைப் பாடும் ஒரு துள்ளல் பாட்டு, குரல் சந்திரபாபுவுடையது. திரையில் வாயசைப்பவர் எஸ். பாலசந்தர். ஆம், பின்னாளில் வீணையில் பெரும்பேர் பெற்று, சங்கீத உலகில் சண்டைகளுக்கும் பேர்போன அதே பாலசந்தர். வித்வானின் உடம்பில் கோமாளியின் குரல். அந்தப் பாட்டை ரசித்துச் சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கேலி செய்து ஒருவரையும் கண்டதில்லை. பாதிப் பேருக்கு அது யார் குரல் என்றே தெரியாது.

இப்போது டி. ராஜேந்தர். கேலி என்று பார்த்தால் சந்திரபாபுவெல்லாம் இவரிடம் பாடம் கேட்கவேண்டும். தாடி, கண்ணீர், அடுக்குமொழி, எதைக் கண்டாலும் வாயாலும் கையாலும் தாளம். 2015இல் 'ரோமியோ ஜூலியட்' படத்தில் அவருடைய 'டண்டணக்கா'வையே பாட்டாக்கியபோது நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கையும் ஊர் சிரிப்பாக்கியது. ஆனால் இளையராஜாவின் அலை உச்சத்தில் இருந்த 1980இல் 'ஒரு தலை ராகம்' பாடல்கள் டீக்கடை டீக்கடையாக ஓடின என்பதும் நடந்தது. மெட்டை மேசையில் தட்டி, வாயால் சொல்லிச் செய்கிறவரிடம் தாளம் முதலில் வரும், ராகம் அதன் மேல் ஏறி உட்காரும். அவர் மெட்டுகளின் பலமும் அலுப்பும் இரண்டும் அங்கிருந்தே வருகின்றன. அடுக்குமொழி வசனமும் அதே கையின் வேலை. அது அர்த்தத்துக்காக எழுதியதல்ல, அடிக்காக எழுதியது.

இவருக்கும் ஒரு 'பெண்' இருக்கிறது: 1981இல் வந்த 'கிளிஞ்சல்கள்'. இயக்கம் துரை, திரையில் மோகனும் பூர்ணிமாவும். ராஜேந்தரின் முகம் இல்லை, இசை மட்டும். டி.ஆர். என்றாலே சிரிக்கிற என் நண்பர் ஒருவர் அந்தப் பாடல்களை இளையராஜா கணக்கில் இருபது வருஷம் வைத்திருந்தார். உண்மையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுல வேற யாராவது ஒதவி பண்ணியிருப்பாங்க" என்றார்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த வியாதியில்லை. இங்கிலாந்தில் ஜெனிசிஸ் குழுவுக்கு 1970இல் டிரம்ஸ்காரராக வந்து, பிறகு பாடகரான ஃபில் காலின்ஸ் எண்பதுகளில் எங்கே திரும்பினாலும் இருந்தார். இருந்ததே குற்றமாகி, அசட்டு இசைக்கு அடையாளமாகப் பல வருஷம் கேலிக்கு ஆளானார். அவருடைய 1981ஆம் வருஷத்துப் பாட்டில், நெடுநேரம் காக்கவைத்து இடிபோல் இறங்கும் டிரம்ஸை மட்டும் யாராலும் கேலி செய்ய முடியவில்லை. 2001இல் ஹிப்-ஹாப், ஆர்.அண்ட்.பி. கலைஞர்கள் அவர் பாடல்களைப் பாடி ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள். விமர்சகர்கள் கைவிட்டவரைத் தாளம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தியிலும் யோடலிங் செய்து கோமாளி என்று பேர் வாங்கிய ஒருவர் இருந்தார், கிஷோர் குமார். சந்திரபாபுவைவிட இரண்டு வயது சின்னவர், அவரும் ஆகஸ்டில் பிறந்தவர். 1969இல் 'ஆராதனா' வந்து அவரைத் தூக்கி நிறுத்தியது. சந்திரபாபுவுக்கு அப்படி ஒன்று வரவில்லை. 1966இல் அவரே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்துக்குக் கதவு திறக்கவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்துக்கும் நியாயம் உண்டு. கதாநாயகனாக நடித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) பொறுமையைச் சோதிக்கிற படம். யோடலிங்கை வேண்டாத இடத்திலும் செருகினார். அறுபதுகளின் கடைசியில் குரல் களைத்துவிட்டது. இதைவிடப் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அது என் மேலேயே திரும்புகிறது: குரலிலிருந்து உடம்பைக் கழித்துவிட்டுக் கேள் என்கிறாயே, சந்திரபாபுவிடமிருந்து உடம்பைக் கழித்தால் மிச்சம் என்ன?

சரியான கேள்வி. 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இரட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசும்போது நடையும் பேச்சும் ஒரே காலப்பிரமாணத்தில் போகும். 1962இல் அதையே இந்தியில் எடுத்தபோது அந்த இடத்துக்கு மெஹ்மூத் தேவைப்பட்டார். ஆகவே நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அவர் உடம்பும் தாளம்தான் போட்டது. தள்ளாடுகிறவனின் கால் எந்த அக்ஷரத்தில் தரையைத் தொடுகிறது என்பதில் கணக்கு இருந்தது. மேடையில் தள்ளாடிக் காட்டுகிறவர்கள் குடியைக் காப்பியடிக்கிறார்கள், கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

அன்று டீக்கடையில் அந்த டிரம்ஸ்காரர் போனில் 'புதையல்' பாட்டை வைத்தார். பெஞ்சின் ஓரத்தில் கட்டையால் தட்டிக்கொண்டே கேட்டார். முதல் தடவை முந்திவிட்டார். இரண்டாவது தடவையும். "பாத்தியளா, நிக்காரு" என்றார். பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார். துறைமுகத்துப் பக்கம் லாரிகள் போகத் தொடங்கியிருந்தன. கடைக்காரர், "பெஞ்ச ஒடச்சிராதலே" என்றார்.