குலுக்கலில் வந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஐ.நா. காலநிலை மாநாடுகளில் அரசுகள் பேசுகின்றன; வெள்ளத்திலும் வறட்சியிலும் வாழ்பவர்களுக்கு அங்கே இடம் அரிது. இந்தக் குறையைப் போக்க, 2021 கிளாஸ்கோ மாநாட்டை ஒட்டி உலக மக்கள் பேரவை ஒன்று கூட்டப்பட்டது. மக்கள் அடர்த்திக்கு ஏற்ப உலக வரைபடத்தில் நூறு இடங்களைக் கணினி குலுக்கிப் போட்டது. உள்ளூர் அமைப்புகள் அங்கே ஆட்களைத் திரட்டின. வயது, பாலினம், கல்வி ஆகியவற்றில் உலக மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி அவர்களிலிருந்து நூறு பேர் தேர்வானார்கள். மொழிபெயர்ப்பாளர் துணையோடு இணையவழியில் விவாதித்து, அவர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்.

இம்முறையின் பலம் வெளிப்படையானது. நூறு பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சீனாவையும் இந்தியாவையும் சேர்ந்தவர்கள். விசாவும் ஆங்கிலமும் பயணச் செலவும் கைவசம் உள்ளவர்கள் மட்டுமே எட்டும் மாநாட்டு அரங்கில் இந்த விகிதம் அமையாது. தவிர, மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டாதவர்கள் கசப்பானதையும் சொல்வார்கள். பிரான்சில் குலுக்கலில் தேர்வான 150 பேர், 2020-இல் காலநிலை குறித்து 149 பரிந்துரைகளைத் தந்தார்கள். நெடுஞ்சாலை வேகத்தை 130 கிலோமீட்டரிலிருந்து 110-ஆகக் குறைப்பதும் அவற்றில் ஒன்று. சிக்கலான விஷயங்கள் சாமானியருக்குப் புரியாது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

குறைகளுக்கு வருவோம். நூறு பேரின் முடிவை உலகத்தின் கருத்துக்கணிப்பாகக் கொள்ள முடியாது. கேள்வியை வகுப்பதும் நிபுணர்களை அழைப்பதும் அமைப்பாளர்களே என்பதால், விவாதத்தின் எல்லையை அவர்களே வரைந்துவிடுகிறார்கள். நடைமுறையை வெளிப்படையாக வைத்தால் இவற்றை ஓரளவு சரிசெய்யலாம்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: பரிந்துரைக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. பரிந்துரைகளை வடிகட்டாமல் முன்னெடுப்பதாக வாக்களித்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன், மூன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினார்; வேகக் குறைப்பு அவற்றில் ஒன்று. 2021 பிப்ரவரியில் அந்த உறுப்பினர்களே அரசின் நடவடிக்கைக்குப் பத்துக்குச் சராசரியாக 3.3 மதிப்பெண்தான் போட்டார்கள். உலக அளவில் மீறுவதற்குக்கூட அப்படியொரு வாக்குறுதி கிடையாது. ஐ.நா. பேச்சில் ஒருமித்த கருத்தே முடிவு. மறுக்கும் வலு அரசுகளிடம் மட்டுமே உண்டு. அந்த அரசுகளிடம் ஆதரவு தேடிக் கிளாஸ்கோ மாநாட்டுக்குப் பதிவு செய்திருந்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் துறைத் தரகர்கள் குறைந்தது 503 பேர் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டது. மாநாட்டு உடன்பாட்டில் நிலக்கரி பற்றிய வாசகம் கடைசி நேரத்தில் மென்மையாக்கப்பட்டபோது, அதைத் தடுக்கும் அதிகாரம் எதுவும் பேரவையின் பிரகடனத்துக்கு இல்லை.

அயர்லாந்து இதில் மாறுபட்டது. 2017-இல் அங்கே 99 குடிமக்கள் தந்த காலநிலைப் பரிந்துரைகளைப் பரிசீலிக்க நாடாளுமன்றம் தனிக் கூட்டுக்குழு அமைத்தது. கார்பன் வரம்புகளை விதிக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தக் குழுவின் வேலை வழிவகுத்தது. அங்கே பரிந்துரைகளைக் கையில் வாங்க ஒரு அவை இருந்தது.

உலகப் பேரவையைக் கைவிட வேண்டியதில்லை. பங்கேற்பவர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதை விட, ஒவ்வொரு அரசும் எதை ஏற்கிறது, எதை ஏன் மறுக்கிறது என்று எழுத்தில் பதில் தரும் விதியைக் கொண்டுவருவதே அவசரம். அந்த விதி வரும்வரை இதை மக்கள் ஆலோசனை என்று சொல்லலாம். மக்கள் முடிவெடுத்தார்கள் என்று சொன்னால் அது மிகை.