தினம் ஒரு சிபார்சு

சிபார்சு என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. வேலைக்குச் சிபார்சு, பள்ளிக்கூடத்தில் இடத்துக்குச் சிபார்சு என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே கூனிக் குறுகிப் போய்விட்டது. ஆனால் கலை விஷயத்தில் சிபார்சு இல்லாமல் ஓரடி எடுத்து வைத்தவர் யாருமில்லை. க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துச் சொன்னார். பட்டியல் போடுகிறார் என்று அவரைக் கோபித்துக்கொண்டவர்கள் ஏராளம். கோபித்துக்கொண்டே அந்தப் பட்டியலைத் தேடிப் படித்தவர்களும் ஏராளம்.

என் நண்பர் ஒருவர் பாங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்ற வருஷம் தினம் காலையில் எனக்கு ஓர் இசையைச் சிபார்சு செய்ய ஆரம்பித்தார். கைப்பேசியில் ஒரு வரி வரும்: இன்று இதைக் கேளுங்கள், இன்ன காரணத்துக்காக. இங்கிலாந்தில் வானொலிக்காரரும் வயலின்காரருமான கிளமென்ஸி பர்ட்டன்-ஹில் என்ற அம்மாள் 2017-ல் இப்படி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இசை, அதைப் பற்றி ஒரு பக்கம். அந்தப் புத்தகம் மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்தின் எல்லைக்குள் நிற்கிறது. என் நண்பருக்கு எல்லையே கிடையாது. திங்கட்கிழமை ஒரு சினிமாவின் பின்னணி இசை, செவ்வாய்க்கிழமை பாக், புதன்கிழமை ஜாஸ், வியாழக்கிழமை அமெரிக்கப் பையன்கள் பாடும் பாப் பாட்டு.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நம்முடைய கச்சேரிக்கு ஒரு பத்ததி உண்டு. அரியக்குடி வகுத்துக் கொடுத்த அந்த முறையில் வர்ணத்துக்கு ஓர் இடம், ராகம் தானம் பல்லவிக்கு ஓர் இடம், துக்கடாவுக்கு ஓர் இடம். கேட்பவன் மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்யும் ஒழுங்கு அது. நண்பரின் பட்டியலிலோ பாயசத்துக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் வெற்றிலை, அதன் பின் மறுபடியும் சாம்பார். "என்ன ஸார் இது?" என்று கேட்டேன். "ஒரு மாசம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டேன். என் அபிப்பிராயம் மாறியது ராக்மானினாவ் வந்த வாரத்தில்.

அந்த ருஷ்யரின் முதல் சிம்பொனி 1897-ல் அரங்கேறியபோது படுதோல்வி அடைந்தது. மனிதர் மனமுடைந்து போய், சில வருஷங்கள் உருப்படியாக எதையுமே எழுதவில்லை. நிக்கொலாய் டால் என்ற வைத்தியரிடம் சிகிச்சை பெற்று மீண்ட பிறகு அவர் எழுதியதுதான் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ. 1901-ல் அது முழுமையாக அரங்கேறியது. அதை அந்த வைத்தியருக்கே சமர்ப்பணம் செய்தார். இது முதல் நாள் சிபார்சு.

மறுநாள் 1945-ல் டேவிட் லீன் எடுத்த 'பிரீஃப் என்கவுண்ட்டர்' படத்தின் இசை. ரயில் நிலையத்தில் சந்திக்கும் இருவர், இருவருமே ஏற்கெனவே மணமானவர்கள். அவர்களுடைய சொல்ல முடியாத காதலின் பின்னால் ஒலிப்பது அதே கன்செர்ட்டோ. மூன்றாம் நாள் 1975-ல் வெளிவந்த எரிக் கார்மனின் தனிமைப் பாட்டு. அதன் மெட்டு அந்தக் கன்செர்ட்டோவின் இரண்டாம் பாகத்திலிருந்து வந்தது. பழைய சங்கீதம், யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்து எடுத்தவர், பிறகு ராக்மானினாவின் வாரிசுகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டி வந்ததாம்.

மூன்று நாளில் மூன்று ஜாதி இசை. ஆனால் ஒரே துக்கம். நோயிலிருந்து எழுந்தவனின் துக்கம் மணமான பெண்ணின் துக்கமாகி, பிறகு அறையில் தனியாக இருக்கும் ஓர் இளைஞனின் துக்கமாயிற்று. எதில் அது உயர்ந்தது, எதில் தாழ்ந்தது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. கார்மனின் பாட்டு துக்கத்தைக் கையில் பிடித்துக் காட்டுகிறது. ராக்மானினாவ் அதை மறைக்கப் பார்த்து முடியாமல் போகிறார். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் இந்த வித்தியாசமே எனக்குப் புரிந்தது. வேறு வேறு அலமாரியில் வைத்திருந்தால் ஒன்றைக் கும்பிட்டுவிட்டு மற்றதைக் கேட்காமலே இருந்திருப்பேன். நண்பரின் பட்டியலில் ஒழுங்கு இல்லை என்று நினைத்தது என் தவறு.

ஜாஸ் விஷயத்திலும் அப்படித்தான். 1957 டிசம்பரில் பாரிஸில், லூயி மால் எடுத்த ஒரு படத்தின் காட்சிகளைப் பார்த்துக்கொண்டே மைல்ஸ் டேவிஸ் தம் டிரம்பெட்டை வாசித்தார். கையில் கொஞ்சம் குறிப்பு, மிச்சமெல்லாம் மனோதர்மம். நாயகி இரவில் பாரிஸ் தெருக்களில் காதலனைத் தேடி அலைகிறாள். டிரம்பெட் அவளுக்குப் பின்னால் நடக்கிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இல்லை. டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' 1959-ல் பதிவானது. ஐந்து அட்சரக் கணக்கு. நம் கண்டசாபுவில் இரண்டும் மூன்றுமாக வருவது அங்கே மூன்றும் இரண்டுமாக விழுகிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் அந்தக் குழு இந்தியாவில் சுற்றி, சென்னையிலும் வாசித்துவிட்டுப் போயிருந்தது. ஐந்தை இங்கிருந்து கொண்டு போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய ரசிகர்கள் ஆச்சரியப்பட்ட இடத்தில் நமக்கு ஆச்சரியம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சினிமாப் பின்னணி இசையில்தான் எனக்கு இன்னமும் சங்கடம். அது வேலைக்காரன் சங்கீதம். எஜமானன் கூப்பிட்டால் வரவேண்டும், போ என்றால் போகவேண்டும். 1968-ல் வெளிவந்த '2001' படத்துக்காக அலெக்ஸ் நார்த் உழைத்து எழுதிய இசையை ஸ்டான்லி கூப்ரிக் தூக்கி எறிந்துவிட்டு, 1896-ல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதியதைப் போட்டுக்கொண்டார். திரையிட்ட அன்று கொட்டகையில் உட்கார்ந்த பிறகுதான் நார்த்துக்கு விஷயம் தெரிந்தது. அவர் 1991-ல் இறந்துபோனார். அந்த இசை ஒலித்தட்டாக வந்தது 1993-ல். இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. 1960-ல் வந்த 'சைக்கோ' படத்தில் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து எழுதிக் கேட்க வைத்தார். எஜமானன் வழிக்கு வந்தார். ஆனால் அந்த வயலின் கிறீச்சிடுவதைப் படம் இல்லாமல் தனியாகக் காலைக் காப்பியோடு கேட்கச் சொன்னால் எப்படி? கத்தியை மட்டும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாற்போல் இருக்கிறது. படம் இல்லாமலே நிற்கும் பின்னணி இசையும் உண்டு. மைல்ஸ் டேவிஸினுடையது நிற்கிறது. இந்தப் பேதத்தைச் சிபார்சு செய்கிறவர் சொல்ல வேண்டும். என் நண்பர் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை 'தினம்' என்ற சொல்லில் இருக்கிறது. வைத்தியர் மாத்திரை கொடுப்பதுபோல நாளுக்கு ஒன்று என்றால், ஒன்றைக் கேட்டு முடிக்குமுன் அடுத்தது வாசலில் வந்து நிற்கிறது. ராக்மானினாவின் இரண்டாம் பாகத்தை விட்டு என்னால் பதினோரு நாள் வெளியே வர முடியவில்லை. அதற்குள் கேளாத சிபார்சுகள் கடன் மாதிரி ஏறிவிட்டன. நண்பரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "நான் அனுப்பியதைக் கேட்கவில்லையா?" என்றார். "நீங்கள் அனுப்பியதைத்தான் ஸார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

இந்த வேலையை இப்போது இயந்திரங்களும் செய்கின்றன. நேற்றுக் கேட்டதற்கு ஒப்பான ஒன்றை இன்று எடுத்துக் கொடுக்கின்றன, பெரும்பாலும் தவறுவதில்லை. ஆனால் நான் கேட்காமல் விட்டால் இயந்திரத்துக்கு வருத்தமில்லை. என் நண்பருக்கு வருத்தம் வந்தது. ஏனென்றால், 'இது எனக்குப் பிடிக்கிறது' என்று இன்னொருவனிடம் சொல்வது கூச்சமான காரியம். கேட்டவன் உதட்டைப் பிதுக்கினால் பிதுங்குவது பாட்டு மட்டுமல்ல. அந்த அபாயத்தை அவர் தினம் காலையில் ஏற்றுக்கொண்டார். விமர்சனம் எழுதுகிற நாங்கள் அதை அவ்வளவு சுலபமாக ஏற்பதில்லை. குறைகளுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறோம். இந்தக் கட்டுரையிலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பதிலுக்கு ஒரே ஒரு சிபார்சு நானும் செய்தேன்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. காரணம் எழுதவில்லை; எழுதத் துணிவு வரவில்லை என்பதே உண்மை. மறுநாள் நண்பரிடமிருந்து சிபார்சு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தவறாக ஏதாவது செய்துவிட்டேனோ என்று சங்கடப்பட்டேன். ஐந்தாம் நாள் காலையில் ஒரு வரி வந்தது.

"இன்னும் தோடியில்தான் இருக்கிறேன். புதிது எதுவும் அனுப்பவில்லை, மன்னிக்கவும்."