முங்கேர் மழை

காசியில் படகிலிருந்து ஜூம் பண்ணி எடுத்த ஒரு படம் என் மொபைலில் இருக்கிறது. மணிகர்ணிகா, எரியும் சிதை, பக்கத்தில் மொட்டையடித்த ஒருவர். எடுத்தப்போ பெரிய படம்னு நினைத்தேன். ரகுபீர் சிங்கின் கங்கைப் படங்களைப் பார்த்த பிறகுதான் அது திருட்டு என்று உறைத்தது.

1967-இல் பீகாரின் முங்கேரில் அவர் எடுத்தது: கொட்டும் மழையில் நான்கு பெண்கள் ஒருவரோடொருவர் ஒட்டி நிற்கிறார்கள். சேலை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. விளக்கு இல்லை, சாமியார் இல்லை (தேடிப் பார்த்தேன்). மழை விட்டால் போதும் என்கிற நிற்பு. 1985 வெள்ளத்தில் காசியில் ஒருவர் ஆற்றில் பாய்கிறார், அந்தரத்தில் நிற்கிறார். புனிதம் எல்லாம் அப்புறம், முதலில் தண்ணீர்.

கார்த்தியே பிரெஸ்ஸோனை நேரில் பார்த்துக் கற்றவர், ஆனாலும் அவருடைய கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியா கலரில்தான் பிடிபடும் என்பது இவர் கட்சி. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கலர் சீக்கிரமே சுற்றுலா போஸ்டர் ஆகிவிடும். இவருடைய சில காசிப் படங்களும் அந்த ஓரத்தில்தான் நிற்கின்றன. முங்கேரை மழை காப்பாற்றியிருக்கிறது.

அந்தப் பெண்களும்தான் படம் எடுக்கச் சொல்லி நிற்கவில்லையே என்று நண்பன் கேட்டான். நியாயம்தான். ஆனால் அந்தப் படத்துக்கு அவரும் மழைக்குள் நின்றிருக்கணும். நான் நனையாமல் படகில் உட்கார்ந்திருந்தேன். மொட்டையடித்தவரின் முகத்தைப் பெரிதாக்கினால் வெறும் பிக்சல்தான் வருகிறது.