பாதியில் சேர்பவருக்கு ஹானர்ஸ்

சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அமெரிக்காவில் பழகிப்போன வழி. கட்டணம் குறைவு, வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம். அப்படி மாறி வருபவர், சிறந்த மாணவர்களுக்கான ஹானர்ஸ் திட்டத்தில் சேர நினைத்தால், காலம் கடந்து வந்தவராகவே அவரைப் பல இடங்களில் பார்க்கிறார்கள். இந்தப் பார்வைக்கு அத்திட்டத்தின் வரலாற்றிலேயே ஆதாரம் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் அய்டலாட், ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவராக 1922இல் ஹானர்ஸ் முறையைத் தொடங்கியபோது, அதைக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கென்றே வகுத்தார். சிறு குழுக் கருத்தரங்கு, ஆழ்ந்த வாசிப்பு, முடிவில் வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் நடத்தும் தேர்வு. பாதியில் மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவரின் கையில் இருப்பதும் அந்த இரண்டு ஆண்டுகள்தான்.

பிற்காலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஹானர்ஸ் கல்லூரிகளை நிறுவியபோது நோக்கம் விரிந்தது. பள்ளியில் முதலிடம் பெற்றவர்களை ஈர்க்க உதவித்தொகை, தனி விடுதி, பாடங்களை முன்கூட்டியே பதியும் சலுகை எல்லாம் சேர்ந்தன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஹானர்ஸ் கல்லூரி, முதலாண்டில் சேருபவர்களுக்கென்றே அமைந்தது. அதே பல்கலைக்கழகம் ஏழு சமுதாயக் கல்லூரிகளையும் நடத்துகிறது. அங்கே நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கதவு மூடியிருந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கதவைத் திறந்து வைத்திருப்பவர்களும் உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேரட் கல்லூரி, முதலாண்டு மாணவர்களின் இரண்டு செமஸ்டர் அடிப்படைப் பாடத்துக்குப் பதிலாக, மேல் வகுப்பில் சேருபவர்களுக்கு வேறொரு பாடம் வைத்திருக்கிறது. ஆய்வேடு மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். இது சரியான முடிவு. நூற்றுக்கணக்கானவர் உட்காரும் விரிவுரை அரங்கில் புதிதாக வந்தவரைப் பெயர் சொல்லி அழைக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஆய்வேடு எழுதுபவருக்கோ தம் சிந்தனையை அறிந்த ஒரு பேராசிரியராவது கிடைக்கிறார். மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதத்தில் அந்த நெருக்கம் தெரியும். முன்பதிவுச் சலுகையும் சிறியதல்ல. மாலை வேலைக்குப் போகிறவர் காலை வகுப்புகளைப் பிடித்துக்கொள்ள முடியும்.

சிக்கல் கால அட்டவணையில் இருக்கிறது. ஆகஸ்டில் வந்து சேரும் மாணவர் சில மாதங்களிலேயே வழிகாட்டியைத் தேடிப் பிடித்து, ஆய்வுத் தலைப்பையும் முடிவு செய்தாக வேண்டும். மற்றவர்கள் அதே பேராசிரியர்களோடு இரண்டு ஆண்டு பழகியிருக்கிறார்கள். கல்லூரி மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதும் வழக்கம். ஆய்வாளர் ஜான் ஹில்ஸ் 1965இல் இதை ‘டிரான்ஸ்ஃபர் அதிர்ச்சி’ என்று எழுதினார். திட்டத்தில் நீடிக்கச் சராசரி மதிப்பெண் (ஜி.பி.ஏ.) 3.25, 3.5 என்று வரம்பு வைத்திருக்கும் இடங்களில், ஊருக்கும் பாடத்துக்கும் பழகுவதற்குள் எச்சரிக்கைக் கடிதம் வந்துவிடக்கூடும்.

ஹானர்ஸ் ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணப் பாடத்தில் கூடுதல் வேலை செய்து ஹானர்ஸ் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அக்கறையுள்ள ஆசிரியர் அமைந்தால் அது தனிப்பயிற்சியாகவே மாறிவிடும். அப்படி அமையாவிட்டால், பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று கூடுதலாக எழுதியதுதான் மிச்சம். நேரம் குறைவாக உள்ளவர்களே இதை அதிகம் நாட வேண்டியிருப்பது வேதனை.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் இத்தனை இடர்களோடும் சேரலாம் என்பேன். வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு, வரிசை மாறாமல் முடிக்க வேண்டிய பொறியியல் பாடங்களையும் சுமப்பவர், பட்டச் சான்றிதழில் ஒரு வரி கூடும் என்பதற்காகச் சேர வேண்டியதில்லை. அவர் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் நேரடியாக இடம் கேட்கலாம்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது எளிது. சேர்க்கைக் கடிதத்தோடே ஆய்வேட்டுக்கு வழிகாட்ட முன்வரும் பேராசிரியர்களின் பட்டியலையும் அனுப்பலாம். கோடையிலேயே பேச்சு தொடங்கிவிடும். முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். சமுதாயக் கல்லூரியில் முடித்த ஹானர்ஸ் பாடங்களை இங்கும் ஹானர்ஸ் பாடங்களாகவே ஏற்கலாம்.